கிளி வரைந்த கையும் கிறுக்குப் பாட்டும்

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் சிரிப்புப் பாட்டாக எழுதித் தள்ளுகிறாள். பக்கத்திலேயே படமும் அவளே போடுகிறாள். எட்வர்ட் லியரின் ஆந்தையும் பூனையும் பாட்டை ஆங்கில வகுப்பில் படித்ததிலிருந்து ‘நானும் இவரை மாதிரிதான் ஆகப்போகிறேன்’ என்று ஒரே பிடிவாதம். இப்படிப் பாட்டு எழுதிப் படம் வரைந்து யாராவது பிழைத்திருக்கிறார்களா, வரைவதற்கு ஒரு டேப்லெட் கேட்கிறாளே, வாங்கிக் கொடுக்கலாமா என்பது கேள்வி.

நான் நாகர்கோவிலில் முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த முப்பது வருஷமும் சிறுவர் பத்திரிகைகளுக்குப் பாட்டும் படமும் அனுப்பிக்கொண்டே இருந்தேன். சிலது வந்தது, பலது வரவில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிழைப்பு. உங்கள் மகள் காட்டுகிற லியரே இதை வைத்துப் பிழைத்தவர் இல்லை. அமெரிக்காவில் டாக்டர் சூஸ் போல ஒருசிலர் நன்றாகச் சம்பாதித்தது உண்மைதான். ஆனால் அவரும் பல வருஷம் பூச்சிமருந்து விளம்பரத்துக்குப் படம் வரைந்துதான் அடுப்பெரித்தார். சிரிப்புப் பாட்டுக்காரர்கள் எல்லாருக்கும் பின்னால் இன்னொரு வேலை நின்றிருக்கிறது. அது அவர்களைக் கெடுத்ததா, வளர்த்ததா என்றால், வளர்த்தது என்றுதான் எனக்குப் படுகிறது. லியர் கதையைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

லியர் 1812 மே 12 அன்று லண்டனுக்கு வடக்கே ஹாலோவேயில் பிறந்தார். வீட்டில் இருபதாவது பிள்ளை. அப்பா பங்குச்சந்தைக்காரர், பணத்தில் சறுக்கிவிட்டார். நாலைந்து வயதிலேயே பையனை அம்மா கையிலிருந்து மூத்த அக்கா ஆன் எடுத்துக்கொண்டார். அக்காவுக்கும் தம்பிக்கும் இருபத்தொரு வயது வித்தியாசம். அவர்தான் வளர்த்தார், வரையவும் சொல்லிக்கொடுத்தார். பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு நோய். அந்தக் காலத்தில் அதை வெளியே சொல்ல முடியாது. சாகும்வரை மறைத்தே வைத்திருந்தார். வலிப்பு வந்த நாட்களில் டைரியில் ஒரு பெருக்கல் குறி மட்டும் போட்டு வைப்பார். ஆஸ்துமாவும் உண்டு, கண்ணும் சரியில்லை. பள்ளிப் படிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. பதினைந்து பதினாறு வயதிலேயே சில்லறைக்குப் படம் வரைந்து விற்க ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரிக்காக நோயாளிகளின் உடம்பைக்கூட வரைந்திருக்கிறார்.

1830இல், பதினெட்டு வயதில், லண்டன் மிருகக்காட்சி சாலையில் கிளிகளை வரைய அனுமதி வாங்கினார். இந்த இடத்தை உங்கள் மகள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அன்றைக்குப் பறவைப் படம் போட்டவர்களில் பலர் செத்துப் பஞ்சடைத்த பறவையை மேஜைமேல் வைத்துத்தான் வரைவார்கள். லியர் கூண்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். காவலாளி கிளியைப் பிடித்துக்கொள்ள, இறக்கையை விரித்து அளவெடுத்தார். காகிதத்தில் வரைந்ததைத் தானே லித்தோ என்கிற அச்சுக் கல்லில் ஏற்றினார். மொத்தம் 42 படங்கள், 175 பிரதிகள். கல் விலை கூட என்பதால், அச்சானதும் வரைந்ததை அழித்துவிட்டு அதே கல்லில் அடுத்த கிளியை வரைவார். சந்தா கட்டியவர்களிடமிருந்து பணம் இழுத்து இழுத்துத்தான் வந்தது. ஆனால் படங்கள் அவ்வளவு துல்லியம். பின்னாளில் ஒரு நீல மக்காவ் கிளிக்கு விஞ்ஞானிகள் லியர் பெயரையே வைத்தார்கள். 1832 வாக்கில் அவர் வரைந்த ஒரு படம்தான் அதற்குக் காரணம். பிரேசிலில் அந்த இனம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

அந்தக் கிளிப் புத்தகத்தைப் பார்த்துத்தான், பின்னால் டெர்பி பிரபு ஆன எட்வர்ட் ஸ்டான்லி அவரை லிவர்பூல் பக்கத்தில் நோஸ்லி மாளிகைக்கு அழைத்தார். பிரபுவின் தோட்டத்தில் ஒரு தனி மிருகக்காட்சி சாலையே இருந்தது. பகல் முழுக்க அதிலிருந்த விலங்குகளையும் பறவைகளையும் வரைய வேண்டும், அதுதான் வேலை. சாயங்காலம் ஆனால் மாளிகைப் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். யாரோ ஒரு நண்பர் ஐந்து வரிப் பாட்டு ஒன்றைக் காட்ட, அதே அச்சில் லியர் பிள்ளைகளுக்காகச் சொல்ல ஆரம்பித்தார்: ‘இந்த ஊரில் ஒரு கிழவர் இருந்தார்’ என்று தொடங்கி, கிழவர் ஏதாவது கிறுக்குத்தனம் செய்து முடிவது. சொல்லும்போதே பேனாவால் ஒரு கிறுக்கல் படம். கிழவருக்குக் கொக்கின் கால், கொக்குக்குக் கிழவரின் முகம்.

அந்தக் கிறுக்கலை உற்றுப் பாருங்கள். மனிதன் பறவை மாதிரி கையை விரித்திருப்பான். பறவை மனிதன் மாதிரி அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான்கே கோடுதான். ஆனால் அந்தப் பறவை தரையில் கால் ஊன்றி நிற்கும். அதன் கழுத்து திரும்ப வேண்டிய இடத்தில்தான் திரும்பும். காலையில் நிஜக் கிளியின் நகத்தை எண்ணி வரைந்த கைதான் மாலையில் இல்லாத பறவையை வரைந்தது. பொய்யான பறவை நிற்கத் தெரிந்து நிற்பதால்தான் சிரிப்பு வருகிறது. சரியாக வரையத் தெரியாதவர் வரைகிற கோணல் வெறும் கோணல். தெரிந்தவர் வேண்டுமென்றே கோணினால் அது வேடிக்கை. வில்லுப்பாட்டில் தாளம் தப்புவதுபோல் நடித்துச் சிரிக்க வைக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். தாளம் கைக்குள் இருப்பவரால்தான் அது முடியும்.

கிளி நகமும் பறவை இறகும் பார்த்துப் பார்த்து லியரின் கண் இன்னும் மோசமானது. 1837இல் பிரபுவின் உதவியோடு ரோமுக்குப் போய், இயற்கைக் காட்சி வரைபவராக மாறினார். அதன்பிறகு கடைசிவரை மலையும் ஆறும் கோயிலும் வரைந்து விற்றதுதான் சம்பாத்தியம். இத்தாலி, கிரேக்கம், அல்பேனியா, எகிப்து என்று சுற்றினார்.

1846ஆம் வருஷம் வேடிக்கையானது. அந்த வருஷம்தான் விக்டோரியா ராணிக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தார், பன்னிரண்டு பாடம். இத்தாலிப் பயணப் படங்கள் பெரிய புத்தகமாக வந்தன. அதில் சொந்தப் பெயர் இருந்தது. நோஸ்லியில் பிள்ளைகளுக்குச் சொன்ன கிறுக்குப் பாட்டுகளும் அதே வருஷம் புத்தகமாயின. அதில் மட்டும் புனைபெயர். ராணிக்குக் கற்றுக்கொடுக்கிற ஓவியர் கொக்குக்கால் கிழவரை வரைந்தார் என்று தெரிந்தால் கௌரவம் போய்விடும் என்று நினைத்திருக்கலாம். எது நிலைத்தது என்று பார்த்தீர்களா? இத்தாலிப் புத்தகத்தை இன்று ஆராய்ச்சிக்காரர்கள் புரட்டுகிறார்கள். கிறுக்குப் பாட்டு தக்கலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கிறது.

சொந்தப் பெயர் போட்டு 1861இல் புத்தகத்தைப் பெரிதாக்கி வெளியிட்டார். நன்றாக விற்றது. உடனே ஒரு தப்புச் செய்தார்: உரிமை முழுவதையும் 125 பவுனுக்குப் பதிப்பகத்துக்கு விற்றுவிட்டார். அவர் உயிரோடு இருக்கும்போதே புத்தகம் பதிப்புக்கு மேல் பதிப்பாகப் போனது. அந்தப் பணம் அவர் கைக்கு வரவில்லை. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அந்தச் சமயத்து ரயில் கதை ஒன்றை லியரே எழுதி வைத்திருக்கிறார். ரயிலில் எதிரே இரண்டு பெண்கள், பையன்களோடு இந்தப் புத்தகத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், ‘இதை எழுதியது உண்மையில் டெர்பி பிரபு. எட்வர்ட் என்பது பிரபுவின் பெயர். லியர் என்பதன் ஆங்கில எழுத்துகளை மாற்றிப் போட்டால் பிரபு என்ற பட்டம் வந்துவிடும். எட்வர்ட் லியர் என்று ஒரு ஆளே கிடையாது’ என்று விளக்குகிறார். ‘இருக்கிறாரே, நான்தான் அது’ என்கிறார் லியர். பெரியவர் நம்பவில்லை. தொப்பியைக் கழற்றி உள்ளே தைத்திருந்த பெயரைக் காட்டி, கைக்குட்டையைக் காட்டி, கைத்தடியைக் காட்டித்தான் தான் இருப்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. இந்தக் காட்சியையும் ஒரு படமாக வரைந்தார். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்தவர்.

லியர் நம் நாட்டுக்கும் வந்தார். வைஸ்ராயாக இருந்த நார்த்புரூக் பிரபுவின் அழைப்பில் 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கினார். வயது அறுபத்தொன்று. கூடவே பல வருஷமாக இருந்த வேலையாள் ஜார்ஜியோ. இமயமலையிலிருந்து மாமல்லபுரம், நீலகிரி, இலங்கை வரை சுற்றி, 1875 தொடக்கத்தில் திரும்பினார். இந்தியாவில் இருக்கும்போது 1874இல் பம்பாய்ப் பத்திரிகை ஒன்றில் ஒரு பாட்டு வெளியிட்டார். வெள்ளைக்காரர் வீடுகளில் புழங்கிய நம்மூர்ச் சொற்களை எடுத்து, அர்த்தத்தைக் கழற்றிவிட்டு, ஒலியை மட்டும் வைத்து விளையாடிய பாட்டு. அதில் ஒரு சீமாட்டி ‘தோபி’யின் மேல் உட்கார்ந்து நட்சத்திரம் பார்ப்பாள். வழியே போகிற ‘பங்கா’க்கள் அவள் அழகைப் பாராட்டும். கடைசியில் ‘கமர்பந்து’ என்கிற பயங்கர ஜந்து வந்து அவளை விழுங்கிவிடும். தோபி என்றால் துணி வெளுப்பவர், பங்கா என்றால் விசிறி, கமர்பந்து என்றால் இடுப்பில் கட்டுகிற துணி! தெரியாத சொல்லைக் கேட்டதும் மனசு தானாக ஒரு படம் போட்டுக்கொள்ளும் இல்லையா? அதைத்தான் அவர் பிடித்தார். உங்கள் மகள் படித்த ஆந்தைப் பாட்டிலும் இப்படி ஒரு கரண்டி வரும். அந்தக் கரண்டியின் பெயருக்கு லியர் எழுதியபோது அர்த்தமே கிடையாது. ஒரு நண்பரின் சின்ன மகளுக்காக 1867 டிசம்பரில் எழுதிய பாட்டு அது. அகராதிகள் பிறகு ஓடிவந்து அர்த்தம் கண்டுபிடித்தன.

கடைசிக் காலம் இத்தாலியில் சான் ரெமோ. கல்யாணம் ஆகவில்லை. துணைக்கு ஃபாஸ் என்று வால் குட்டையான ஒரு பூனை. 1887இல் பூனை செத்தது. 1888 ஜனவரி 29 அன்று லியரும் போய்விட்டார்.

அவர் இந்தியாவை விட்டுப் போன மறுவருஷம், 1876இல், நம் தேரூரில் ஒரு பிள்ளை பிறந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. உங்கள் மகள் லியருக்காக லண்டன் வரை போகிறாள், சரி. நடுவில் ஒரு பஸ் ஏறித் தேரூரில் இறங்கிப் பார்த்தால் என்ன? வெள்ளைப் பசுவும் கன்றுக்குட்டியும் வருகிற அந்தப் பாட்டைப் பாடாமல் இந்த மாவட்டத்தில் யாரும் ஒன்றாம் வகுப்பைத் தாண்டியிருக்க முடியாது. அதை எழுதியவரின் ஜீவனம் என்ன? வாத்தியார் வேலை. கோட்டாறு, நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று பாடம் நடத்தி, 1931இல் ஓய்வு பெற்றுப் புத்தேரியில் வந்து உட்கார்ந்தார். ‘மலரும் மாலையும்’ 1938இல்தான் புத்தகமாக வந்தது. அறுபது வயதுக்கு மேல்!

கவிமணி படம் வரைந்தவர் இல்லை. ஆனால் அவரிடமும் லியரின் கிளிக்கூண்டு மாதிரி ஒன்று இருந்தது: கல்வெட்டு. தேய்ந்துபோன எழுத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து வாசிக்கிற வேலை. காந்தளூர்ச் சாலை பற்றி அவர் எழுதியதைச் சரித்திரக்காரர்கள் இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள். அந்தக் கண்ணோடு சொந்த ஊரைப் பார்த்து எழுதியதுதான் ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’. பெற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு, அக்கா தங்கை பிள்ளைகளான மருமக்களுக்குச் சொத்துப் போகிற முறையை, காரணவர் என்கிற குடும்பத் தலைவர் ஒருவரின் ஐந்தாவது மனைவி வாயால் சொல்ல வைத்தார். புலம்பல்தான், ஆனால் வரிக்கு வரி சிரிப்பு. வீட்டுச் சண்டை, சாப்பாட்டுப் பாகுபாடு, கோர்ட் செலவு எல்லாம் கணக்குப்பிள்ளை எழுதியது போலத் துல்லியமாக வரும். குழந்தைப் பாட்டு எழுதிய அதே கைதான். சின்னச் சின்ன விவரம் சரியாக விழுந்தால்தான் சிரிப்பு என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

அழ. வள்ளியப்பாவும் வங்கி வேலை பார்த்துக்கொண்டேதான் பிள்ளைகளுக்குப் பாடினார். அதற்கு மேல் அவரை இங்கே இழுக்க வேண்டாம், அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

எழுத்தும் படமும் ஒரே கையில் இருந்த ஆள் இந்தியாவில் வேண்டும் என்றால், வங்காளத்தின் சுகுமார் ராய். சத்யஜித் ராயின் அப்பா. இங்கிலாந்துக்குப் போய் அச்சுத்தொழிலும் போட்டோ பிளாக் செய்வதும் படித்துவிட்டு வந்து, குடும்ப அச்சகத்தைப் பார்த்துக்கொண்டார். அப்பா தொடங்கிய ‘சந்தேஷ்’ பத்திரிகையில் பாட்டும் எழுதினார், படமும் போட்டார். வாத்தையும் முள்ளம்பன்றியையும் ஒட்டவைத்து ஒரே பிராணி ஆக்குவார். அவற்றின் பெயர்களையும் அதேபோல் ஒட்டவைப்பார். காலா அசார் காய்ச்சலில் 1923 செப்டம்பரில், முப்பத்தைந்து வயதில் இறந்தார். அவருடைய மிகப் பெயர்பெற்ற பாட்டுப் புத்தகம் ‘ஆபோல் தாபோல்’ அச்சாகி வந்தது அதற்கு ஒன்பது நாள் கழித்து. இதை எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும்.

தமிழில் இந்த இரட்டை வேலைக்காரர்கள் அபூர்வம். நம் பத்திரிகைப் பழக்கம் அப்படி: எழுதுகிறவர் ஒரு ஊரில், வரைகிறவர் இன்னொரு ஊரில். கதைக்கும் கட்டுரைக்கும் இது ஓடிவிடும். சிரிப்புப் பாட்டுக்கு மட்டும் ஓடாது. என் தலையிலேயே ஒருமுறை விடிந்தது. நான் எழுதிய பாட்டு இது:

ஆனைக்குட்டி சந்தைக்கு
ஆடி ஆடி வந்ததாம்;
ஆறுகுலை மட்டிப்பழம்
அள்ளி அள்ளித் தின்றதாம்;
“பசிதான் தீர்ந்ததா?” கேட்டாராம்,
“பல்லில் பட்டது” என்றதாம்!

மட்டிப்பழம் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கைவிரல் அளவு. அந்தச் சின்னப் பழத்தில்தான் இந்தப் பாட்டின் சிரிப்பே இருக்கிறது. பாட்டை வாங்கிய பத்திரிகையில் படத்தைத் தாங்களே போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். வந்த படத்தில் ஆளுயரக் குலை, ஒவ்வொரு பழமும் முழங்கை நீள ஏத்தன், அதாவது நேந்திரம். ஆனை வயிறு புடைத்துச் சாய்ந்து கிடக்கிறது! வரைந்தவர் மேல் குற்றம் இல்லை, அவர் மட்டியைக் கண்டிருக்க மாட்டார். ஆனால் படம் ‘வயிறு நிறைந்தது’ என்கிறது, பாட்டு ‘பல்லில் பட்டது’ என்கிறது. படித்த பிள்ளைகள் ஆனை பொய் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவகையில் அதுவும் நல்ல பாட்டுதான், நான் எழுதியது அது இல்லை.

உங்கள் மகளிடம் இருக்கிற பெரிய சொத்து இதுதான். பாட்டில் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் படத்துக்கு விட வேண்டும் என்று அவளே முடிவு செய்யலாம். பிள்ளைகள் பெரும்பாலும் பாட்டில் சொன்னதையே மறுபடி வரைவார்கள். ‘ஆனை பழம் தின்றது’ என்று எழுதி, ஆனை பழம் தின்கிற படம். அது வீண். இப்படிச் சொல்லிக்கொடுங்கள்:

திங்கள் சந்தைக்குத் தங்கப்பன்
செவ்வாய்க் கிழமை போனாராம்;
“எங்கே சந்தை? தூரமா?”
“இன்னும் ஆறுநாள்” என்றாளாம்!

இதற்குப் படம் என்ன? தங்கப்பன் கேட்பதையும் எதிரே நின்ற பெண் பதில் சொல்வதையும் வரையக் கூடாது, அது பாட்டிலேயே வந்தாயிற்று. வெறும் மைதானம், நாலு வாழைச்சருகு, குடையும் பையுமாகத் தங்கப்பன். அவருக்குப் பின்னால் வரிசையாக ஒரு நாய், ஒரு ஆடு, ஒரு கோழி. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பை. அவையும் கிழமை மாறி வந்துவிட்டன. பாட்டில் இவை யாருமே கிடையாது. படிக்கிற குழந்தை தானாகக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடும்.

இன்னொரு விஷயம். அவள் லியரைப் பார்த்து ஐந்து வரியில் எழுதுவதாகவும், தமிழில் அந்தச் சிரிப்பு வரவில்லை என்று அழுவதாகவும் சொன்னீர்கள். அழ வேண்டாம், தப்பு அவள் பக்கம் இல்லை. அந்த ஆங்கில வடிவத்தில் ஒன்று, இரண்டு, ஐந்து வரிகளின் கடைசி ஒலி ஒத்துப்போக வேண்டும். ஆங்கிலத்தில் அப்படிச் சொல் கிடைப்பது கஷ்டம். கஷ்டப்பட்டு ஒரு கோணல் சொல்லைக் கொண்டுவந்து பொருத்துவதில்தான் வேடிக்கை. தமிழில் வினைச்சொல் வரிக் கடைசியில் வந்து உட்கார்ந்துவிடும். வந்தான், தின்றான், போனான் என்று கடைசி ஒலி இலவசமாக வந்துவிடுகிறது. இலவசமாக வருவதில் சிரிப்பு இல்லை. நமக்கு வேலை வரியின் முன்பக்கம். திங்கள் என்று தொடங்கினால் காது தானாகவே ஒரு ‘ங்’கை எதிர்பார்த்துக் காத்திருக்கும், தங்கப்பன் வந்ததும் குழந்தை சிரிக்கத் தயாராகிவிடும். எதுகை, மோனை என்று பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்ய வைத்து அதன் உயிரை எடுத்துவிட்டோம். பாட்டி தாலாட்டிலும் விடுகதையிலும் அது சும்மா துள்ளிக்கொண்டுதான் இருந்தது.

கிழவர்களை லண்டனிலும் தேட வேண்டாம். இந்த மாவட்டத்து ஊர்ப் பெயர்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பூதப்பாண்டி, திக்கணங்கோடு, இறச்சகுளம், குழித்துறை, வெள்ளிச்சந்தை. பூதப்பாண்டிக்காரர் ஒருவர் பூதத்துக்குப் பயப்படுவார் என்ற ஒரு வரியிலேயே பாதிப் பாட்டு வந்துவிட்டது. மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

பணம், உரிமை பற்றிச் சுருக்கமாக. எங்காவது வாங்கிக்கொள்கிறார்கள் என்றால், லியர் செய்த மாதிரி மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நம் நாட்டில் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டுக்குத் தனி உரிமை, படத்துக்குத் தனி உரிமை. எழுதியவர் காலம் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 வருஷமும் அது நிற்கும். உரிமையை மாற்றிக் கொடுக்கிற தாளில் எத்தனை காலம் என்று எழுதாமல் விட்டால், சட்டம் அதை ஐந்து வருஷம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். பாட்டுக்கு மட்டும் காசு கொடுத்துப் படத்தைச் சும்மா வாங்கிக்கொள்கிற இடங்களும் உண்டு. இரண்டையும் தனித்தனியாகத் தாளில் எழுதச் சொல்லுங்கள். அவளுக்குப் பதினெட்டு ஆகும்வரை கையெழுத்து நீங்கள்தான் போட வேண்டும், அதனால் படிக்காமல் போடாதீர்கள். சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்கென்று தனியாகப் பரிசு கொடுக்கிறது, தமிழுக்கும் உண்டு. அதெல்லாம் வருகிறபோது வரட்டும். இப்போதைக்கு ஒரு சின்னப் பயிற்சி போதும். பத்து ஏ4 தாளை நடுவில் மடித்துத் தைத்தால் நாற்பது பக்கம். அட்டையோடு சேர்த்து முழுசாக ஒரு புத்தகம் செய்யட்டும். நாலின் மடங்காகப் பக்கம் வருகிற மாதிரி அச்சகங்கள் ஏன் கேட்கின்றன என்று அந்தத் தாளை மடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிடும். நாற்பது பக்கத்தை நிரப்புவது எவ்வளவு பெரிய வேலை என்பதும் புரியும்.

படிப்பை விட்டுவிடுவாளோ என்ற உங்கள் பயம் நியாயம்தான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறாள் என்றால் முன்பக்கத்தில் கணக்கும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், வாத்தியாராகவோ டாக்டராகவோ அச்சகக்காரியாகவோ எதுவாக வேண்டுமானாலும் ஆகட்டும். அந்த வேலையிலிருந்துதான் பாட்டுக்குச் சரக்கு வரப்போகிறது.

டேப்லெட் இப்போது வேண்டாம். அதில் அழிப்பது ரொம்பச் சுலபம். தப்பான கோட்டை அழிக்காமல் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டுப் பழகுகிற வயது இது. கோடு போடாத கெட்டி நோட்டு ஒன்று, 2பி பென்சில் நாலு, முடிந்தால் ஒரு சாதாரண பைனாகுலர். மொத்தச் செலவு டேப்லெட் விலையில் ஒரு மூலை.

டிசம்பர், ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை அவளைத் தேரூர் குளத்துக்கு அழைத்து வாருங்கள். சுசீந்திரம், தேரூர் குளங்களை 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி எல்லாம் கரையிலிருந்தே தெரியும். பெயரைக் கேட்டாலே பாட்டு மாதிரி இல்லை? வந்ததும் பாட்டு எழுத வேண்டாம், சிரிப்பும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரே ஒரு தாழைக்கோழியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, தாமரை இலைகள்மேல் காலை எப்படித் தூக்கி எப்படி வைக்கிறது, விரல் எவ்வளவு நீளம், நடக்கும்போது வால் எந்தப் பக்கம் துடிக்கிறது என்று மட்டும் வரையட்டும். ஒரு மணி நேரம். போர் அடிக்கிறது என்பாள், விடாதீர்கள். வெயில் ஏறியதும் கடையில் ஒரு சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு, அதே கோழிக்குச் செருப்பு தைத்துக் கொடுக்கச் சொன்னால் எத்தனாம் நம்பர் செருப்பு வரும் என்று கேட்டுப் பாருங்கள்.